குடியிருப்புப் பேட்டையில் ஒரு கலைக் கண்காட்சி: பார்ப்பதற்கும் எழுதுவதற்குமான படிப்படியான வழிகாட்டி

நண்பர்கள் ஆறேழு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை சிங்கப்பூரின் ஏதேனும் ஒரு பேட்டையில் நடைபெறும் கலைக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, அது அந்த வட்டாரத்து மக்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஆளுக்கொரு பக்கம் எழுதி வருகிறோம். புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். வந்து நின்றதும் கைப்பேசியை எடுக்கிறார்கள். வீடு திரும்பியதும் “இக்கண்காட்சி பல்லின ஒற்றுமையைப் பறைசாற்றுகிறது” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். வேலைகளின் வரிசை மாறிப்போவதால்தான் இரண்டும் நிகழ்கின்றன. ஆகவே கீழ்வரும் படிகளை எழுதப்பட்டுள்ள வரிசையிலேயே செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. கிளம்பும் முன்

சிறிய குறிப்பேடு, பென்சில், தண்ணீர்ப் போத்தல், குடை ஆகியவை போதும். சுவரோரம் நின்றபடி குறிப்பேட்டை நிமிர்த்திப் பிடித்து எழுதும்போது பேனாவில் மை இறங்காது என்பதால் பென்சில்தான் வசதி. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும். சுவரோவியம் பார்ப்பவர்களுக்குக் குடை கட்டாயம்.

இரண்டு மணி நேரத்தை முழுமையாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். கண்காட்சியைப் பார்க்க முக்கால் மணி நேரமே பிடிக்கலாம். மீதி நேரம் அங்கே வந்துபோகும் மனிதர்களைப் பார்ப்பதற்கானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முடிந்தால் உங்களைவிட இருபது வயதாவது மூத்தவர் அல்லது இளையவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒத்த வயதினர் இருவர் சேர்ந்து சென்றால் இருவர் கண்ணிலும் ஒன்றே படும், இருவர் கண்ணுக்கும் ஒன்றே தப்பும்.

2. ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே நாளில் மூன்று பேட்டைகளைச் சுற்றத் திட்டமிடுவது புதியவர்கள் செய்யும் பொதுவான பிழை. மூன்றாவது இடத்தை அடையும்போது முதல் இடம் வெறும் நிறமாக மட்டுமே நினைவில் நிற்கும். ஒரு நாளுக்கு ஓர் இடம், முதன்முறை என்றால் ஒரே ஒரு படைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தகவல் தேட வேண்டிய முதல் இடம் உங்கள் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) மின்தூக்கி அருகிலுள்ள அறிவிப்புப் பலகை. அடுத்து சமூக மன்றம், வட்டார நூலகம். தேசிய கலைகள் மன்றம், மக்கள் கழகம், தேசிய மரபுடைமைக் கழகம் ஆகியவற்றின் இணையத்தளங்களில் பெரிய நிகழ்வுகள் இருக்கும். ஆனால் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் மூத்தோர் வரைந்த இருபது ஓவியங்களை ஒரு வாரத்துக்கு மட்டும் மாட்டிவைக்கும் சிறு கண்காட்சி அங்கே இடம்பெறாமல் போகலாம். நம் நோக்கத்துக்கு அத்தகைய சிறு கண்காட்சிதான் அதிகம் பயன்படுகிறது. ஜனவரியில் நடைபெறும் சிங்கப்பூர்க் கலை வாரத்தின்போது தேர்வுகள் பெருகிவிடும். தொடங்குபவர்களுக்கு அந்தப் பெருக்கமே திணறலாகிவிடுகிறது என்பதால், நான் அவர்களை மற்ற மாதங்களில்தான் அழைத்துச் செல்கிறேன்.

பேட்டைக் கண்காட்சிகள் பெரும்பாலும் இலவசம். 18 வயதை எட்டிய சிங்கப்பூரர்களுக்கு 2025இல் வழங்கப்பட்ட 100 வெள்ளி எஸ்ஜி கலாசாரச் சலுகையை இதற்காகச் செலவழிக்க வேண்டியதில்லை. கட்டணமுள்ள நிகழ்ச்சிகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஓரிடம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தைச் சொல்வேன். 2003இல் திறக்கப்பட்ட வடகிழக்குப் பாதையின் நிலையங்களுக்குக் கலைப்படைப்புகளைச் செய்வித்தார்கள். லிட்டில் இந்தியாவில் இருப்பது ச. சந்திரசேகரனின் படைப்பு; இந்திய நாட்டுப்புறக் கலை வடிவங்களிலிருந்து பிறந்தது. ஆயிரக்கணக்கானோர் அதைத் தாண்டி நாள்தோறும் நடக்கிறார்கள், நம்மில் பலரும் அவர்களுள் அடக்கம். ‘பார்த்திருக்கிறேன்’ என்று சொல்பவரிடம் அதில் என்ன இருந்தது என்று கேட்டுப்பாருங்கள். பதில் வருவதற்குள் அடுத்த ரயில் வந்துவிடும்.

3. நாளும் நேரமும்

திறப்பு விழா நாளில் செல்லாதீர்கள். அன்று ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினர், பலகாரத் தட்டு எல்லாம் இருக்கும். அந்த இடத்தின் அன்றாடம் இருக்காது. கலைப்படைப்பைத் தினமும் கடந்து செல்பவர்கள் அதை எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. வேலை நாளில் மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை உள்ள நேரம் மிகவும் ஏற்றது: பள்ளிப் பிள்ளைகள், வேலை முடிந்து திரும்புபவர்கள், காற்று வாங்க இறங்கிவரும் முதியவர்கள் மூவரையும் அப்போது காணலாம்.

தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரச் சுவரோவியங்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையும் பாருங்கள். ஞாயிறன்று அந்தச் சந்துகளில் நிற்பவர்கள் வேறு, செவ்வாயன்று நிற்பவர்கள் வேறு. ஆள் மாறும்போது சுவரின் பொருளும் மாறுகிறது.

கீழ்த்தளக் கண்காட்சிகளுக்கு இன்னோர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சிங்கப்பூர்வாசிகளில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில் வசிக்கிறார்கள். புளோக்கின் கீழ்த்தளம்தான் அவர்களுக்குத் திருமண மண்டபம், துக்க வீடு, சதுரங்க மேடை எல்லாமே. நீங்கள் போகும் நாளில் ஓவியங்களுக்குப் பக்கத்திலேயே துக்கத்துக்கான கூடாரம் போடப்பட்டிருந்தால் சத்தமின்றித் திரும்பிவிடுங்கள். படங்கள் இன்னொரு நாளும் இருக்கும்.

4. முதல் பத்து நிமிடங்கள்: கண் மட்டும்

வழிகாட்டியின் மிகக் கடினமான படி இதுதான். பத்து நிமிடங்களுக்குக் கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். விளக்கப் பலகையையும் படிக்க வேண்டாம். பலகையை முதலில் படித்தவருக்கு அது சொன்னது மட்டுமே படத்தில் தெரியும். படம் எடுத்தவரோ ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று கண்ணைத் தளர்த்திவிடுவார். அந்தப் ‘பிறகு’ பெரும்பாலும் வருவதில்லை.

முதலில் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று முழுமையாகப் பாருங்கள். பிறகு அருகில் சென்று இடமிருந்து வலமாக நடந்து பாருங்கள். மூன்றாவதாக, படைப்புக்கு முதுகைக் காட்டி நின்று, அது தினமும் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். எதிரே குப்பைத் தொட்டியா, பாலர் பள்ளியா, மூத்தோர் நிலையமா, பேருந்து நிறுத்தமா? இந்த மூன்றாவது பார்வையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எழுத உட்காரும்போது மிகவும் கைகொடுப்பது அதுதான்.

குறிப்பேட்டில் பெயர்ச்சொற்களையும் எண்களையும் மட்டுமே எழுதுங்கள். ‘அழகான’, ‘உயிரோட்டமான’ போன்ற அடைமொழிகள் இந்தக் கட்டத்தில் வேண்டாம். “ஒன்பது மனிதர்கள், ஆறு பேர் பெண்கள், இருவர் கையில் பிளாஸ்டிக் பை, கோப்பிக் குவளை ஒன்று, ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள்” என்ற அளவில் இருந்தால் போதும். மேற்கண்ட வரியில் உள்ள கடைசிச் செய்தியை எண்ணிப் பார்த்தவர் மட்டுமே கண்டுபிடிப்பார். வியந்து பார்த்தவருக்கு அது தெரியாது.

குடியிருப்பாளர்கள் கூட்டாகச் செய்த படைப்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பட்டறையில் ஒருவர் வெளிக்கோடு வரைந்து கொடுக்க, நூறு பேர் ஆளுக்கோர் ஓட்டில் (டைல்) வண்ணம் தீட்டிச் சுவரில் பதித்த படைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரே பூ நூறு முறை வந்திருக்கும். பயிற்சி பெற்ற கண் ‘இதில் என்ன கலை இருக்கிறது’ என்று நகர்ந்துவிடும். நகராதீர்கள். கோட்டைத் தாண்டிய ஓட்டைத் தேடுங்கள். அப்படி ஒரு சுவரில், பூவின் நடுவே தமிழில் ‘கமலா’ என்று மட்டும் எழுதியிருந்த ஓட்டைக் கண்டோம். வெளிக்கோட்டைப் பொருட்படுத்தாமல், இதழ் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நிறமாக்கிவிட்டு, நடுவில் தம் பெயரை, அல்லது தமக்கு வேண்டிய ஒருவரின் பெயரைப் பொறித்திருக்கிறார். அந்தச் சுவரைப் பற்றி அன்று நாங்கள் எழுதியவை எல்லாமே அந்த ஓட்டிலிருந்துதான் தொடங்கின: வெளிக்கோட்டை முடிவுசெய்தவர் யார், உள்ளே எவ்வளவு இடம் விட்டார், கிடைத்த இடத்தை மக்கள் எதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்?

5. விளக்கப் பலகையைப் படிக்கும் முறை

பத்து நிமிடங்கள் முடிந்ததும் பலகைக்கு வாருங்கள். அதில் நான்கு செய்திகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: படைத்தவர், ஆண்டு, செய்வித்த அமைப்பு, இடம்பெற்றுள்ள மொழிகள். நான்காவது செய்தியில் தமிழ் வாசகர்களாகிய நமக்குக் கூடுதல் வசதி இருக்கிறது.

பலகையில் ஆங்கிலமும் தமிழும் இருந்தால் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எழுத்துப் பிழை பார்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதில் நேரத்தைச் செலவிட்டுச் சினத்தோடு வீடு திரும்பியவர்கள் உண்டு, நானும் ஒருமுறை அப்படித் திரும்பியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் எங்கே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்று எழுதித் தப்பித்துவிடலாம். தமிழில் அது வீடா, இல்லமா, தாயகமா, ஊரா என்று முடிவெடுத்தாக வேண்டும். ‘தாயகம்’ என்று போட்டால் படைப்பு நாட்டைப் பற்றியதாகிறது; ‘வீடு’ என்று போட்டால் நான்கு சுவரைப் பற்றியதாகிறது; ‘ஊர்’ என்று போட்டால், நம் பெற்றோர் தலைமுறைக்கு, கடல் கடந்த இன்னோரிடத்தைப் பற்றியதாகிவிடுகிறது.

6. அங்கே இருப்பவர்களைக் கவனித்தல், பேசுதல்

இருபது நிமிடம் ஓர் இருக்கையில் அமர்ந்து, யார் நின்று பார்க்கிறார்கள், யார் பாராமல் போகிறார்கள், யார் அதன்மேல் சைக்கிளைச் சாய்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிளைச் சாய்ப்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சுவர் இன்னும் அவர்களுடையதாகவே இருக்கிறது என்பதற்கான அடையாளமாகவும் அது இருக்கலாம்.

பேச வேண்டியது அதன் பிறகுதான். முதலிலேயே பேசிவிட்டால் அவர்கள் உங்களைக் கவனிக்கத் தொடங்குவார்கள், இயல்பு கெட்டுவிடும். முதியவர்களை ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்றும், தமிழர்களாக இருந்தால் ‘ஐயா’, ‘அம்மா’ என்றும், மலாய்ப் பெரியவர்களை ‘பாக்சிக்’, ‘மாக்சிக்’ என்றும் அழைத்துத் தொடங்குங்கள். “இந்தப் படம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், “பிடிச்சிருக்கு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “இது வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொன்னவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள். முதியவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் சொன்னதை எழுதும்போது பெயரையும் புளோக் எண்ணையும் விட்டுவிடுங்கள்.

7. யார் செய்வித்தது, யார் அனுமதித்தது

சிங்கப்பூரில் பொதுச் சுவர் எதுவும் தானாக ஓவியமாவதில்லை. அனுமதியின்றிச் சுவரில் வரைவது 1966ஆம் ஆண்டின் நாசவேலைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே நீங்கள் காணும் ஒவ்வொரு சுவரோவியத்துக்கும் பின்னால் விண்ணப்பமும் ஒப்புதலும் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். லிட்டில் இந்தியாவின் சுவரோவியங்கள் பலவும் லாசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் இணைந்து 2015இல் தொடங்கிய ஆர்ட்வாக் நிகழ்ச்சியின் வழி வந்தவை. பயணத்துறை செய்வித்த சுவர் வருகையாளரை நோக்கிப் பேசும். மூத்தோர் நிலையம் செய்வித்த சுவர் உள்ளூர்வாசியை நோக்கிப் பேசும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்துவிட்டு ‘இதில் உண்மைத்தன்மை இல்லை’ என்று எழுதுவது புதியவர்களின் வழக்கம்.

இந்த அனுமதி ஏற்பாடு வழக்கமாக நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2024இல் தெரிந்தது. சவுத் பிரிட்ஜ் சாலையில் பாதுகாக்கப்பட்ட கடைவீடு ஒன்றின் சுவரில், சிகரெட் பிடித்தபடி அமர்ந்திருக்கும் சம்சுய் பெண்ணின் (சீனாவிலிருந்து வந்து கட்டுமான வேலை செய்தவர்) பெரிய ஓவியம் தோன்றியது. முன் அனுமதி பெறப்படவில்லை. சிகரெட்டை அழிக்கும்படி நகர மறுசீரமைப்பு ஆணையம் கேட்டது. அந்தப் பெண் உழைப்பாளியைப் போலத் தோன்றவில்லை என்று குறைகூறிய பொதுமக்களில் ஒருவரின் கடிதமும் செய்திகளில் வந்தது. சுகாதார அமைச்சு புகைப்பழக்கத்தைப் பற்றிய தன் கவலையைச் சொன்னது. முடிவில் ஓவியம் அப்படியே இருக்கலாம் என்று விடப்பட்டது. அந்தச் சில வாரங்களில் உழைத்த பெண்கள் எப்படித் தோன்ற வேண்டும், அவர்களின் ஓய்வு எப்படி இருந்திருக்கலாம், அவர்களைப் பற்றிச் சொல்ல உரிமை யாருக்கு என்று காப்பிக்கடைகளில்கூடப் பேசினார்கள். அதே இடத்தில் அவர் கல் சுமந்துகொண்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆகவே குறிப்பேட்டில் ஒரு வரி சேருங்கள்: ‘இதில் எதை மாற்றியிருந்தால் அனுமதி கிடைத்திருக்காது?’ பதில் உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை. கேள்வியைக் கேட்டாலே படத்தின் எல்லைகள் தென்படத் தொடங்கும்.

8. இல்லாததைத் தேடுதல்

எங்கள் குழு அதிக நேரம் செலவிடுவது இந்தப் படியில்தான்.

பேட்டைச் சுவரோவியங்களில் பெரும்பங்கு பழைய வாழ்க்கையைக் காட்டுபவை. கணக்காளராக இருந்து ஓவியரான யிப் யூ சோங் 2015இல் எவர்ட்டன் சாலையில் வரைந்த, துணி துவைக்கும் அமாவின் (அக்கால வீட்டுப் பணிப்பெண்) படத்தைப் பலரும் அறிவர். லிட்டில் இந்தியாவின் பெலிலியோஸ் லேனில் பூமாலை தொடுப்பவரும் கிளி சோதிடரும் இருக்கிறார்கள். இவற்றின் முன் நிற்பவர் முதலில் உணர்வது இனிமையை. அந்த இனிமையோடு நின்றுவிடாமல் இருக்கத்தான் இந்தப் படி.

ஒருமுறை மளிகைக் கடைச் சுவரோவியம் ஒன்றைக் காண என் மாமியாரை அழைத்துச் சென்றேன். அரிசி மூட்டை, பிஸ்கட் டின், தராசு, கயிற்றில் தொங்கும் காசு டப்பா எல்லாம் துல்லியமாக இருந்தன. வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஃபைவ் ஃபைவ் ஃபைவ் புத்தகம் எங்கே?” என்று கேட்டார். கடன் கணக்கு எழுதும் அந்தச் சின்னப் புத்தகத்தைத்தான் கேட்டார். “அது இல்லாம எங்க வீட்ல மாசக் கடைசியில அடுப்பு எரிஞ்சதில்ல. கடைக்காரர் முகத்தப் பார்க்கவே கூச்சமா இருக்கும்.” படத்தில் கடை இருந்தது, கடன் இல்லை. பொருள்கள் இருந்தன, கூச்சம் இல்லை. வயதில் மூத்தவரை உடன் அழைத்துச் செல்லுங்கள் என்று முதல் படியில் சொன்னதற்கு இதுவே காரணம்.

தேடும்போது இந்தக் கேள்விகளைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை இன்று செய்பவர் யார், அவர் படத்தில் இருக்கிறாரா? அமாவுக்குச் சுவர் இருக்கிறது. அதே தெருவில் இன்று துணி காயப்போடும் பணிப்பெண்ணுக்கு இருக்கிறதா? தேக்காச் சுவர்களில் பழைய தொழில்கள் இருக்கின்றன. ஞாயிறுதோறும் அந்தச் சுவர்களில் சாய்ந்து ஊருக்குப் பேசும் கட்டுமானத் தொழிலாளி எங்கே? இல்லை என்று கண்டவுடன் கலைஞரைக் குற்றவாளியாக்கும் அவசரமும் ஒரு பிழைதான். ஒரு சுவரில் எல்லாரும் அடங்க முடியாது. ஒரு வட்டாரத்தின் பல சுவர்களைப் பார்த்த பிறகும் அதே ஆள் எங்கும் இல்லையென்றால் அப்போது எழுதுங்கள்.

9. அன்றே எழுதுதல்

படுக்கப் போகும் முன் எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் நினைவு படத்தைச் சீர்படுத்திவிடும். சைக்கிள் சாய்ந்திருந்தது மறந்து வண்ணம் மட்டும் நிற்கும்.

முதல் பத்தியில் கண்டதை மட்டும் எழுதுங்கள். இரண்டாவதில் இடத்தையும் மனிதர்களையும், மூன்றாவதில் செய்வித்தவரையும் இல்லாததையும் எழுதுங்கள். பொருள் என்ன என்பதற்கு நான்காவது பத்தியில்தான் இடம். முந்தைய மூன்றில் ஆதாரம் இல்லாத எதையும் அங்கே சொல்லாதீர்கள் என்பதே ஒரே விதி. ‘மக்கள் இதைத் தங்களுடையதாகக் கருதுகிறார்கள்’ என்று எழுத வேண்டுமென்றால், அதைக் காட்டும் ஒரு கையாவது ஒரு சைக்கிளாவது இரண்டாம் பத்தியில் இருக்க வேண்டும்.

ஒற்றுமை, பாரம்பரியம், பல்லினம், நல்லிணக்கம் ஆகிய நான்கு சொற்களுக்கும் முதல் வரைவில் எங்கள் குழு தடை விதித்திருக்கிறது. இவை கெட்ட சொற்கள் என்பதற்காக விதிக்கவில்லை. பார்க்காமலேயே எழுதக்கூடிய சொற்கள் என்பதால் விதித்தோம். புதியவர் ஒருவர் தடையைக் கேட்டு, “அப்படியென்றால் எழுத எனக்கு ஒன்றுமே இல்லையே” என்றார். அவரைத் திரும்பவும் அந்தப் புளோக்குக்கு அனுப்பினோம். சீன முதியவர் ஒருவர் நாள்தோறும் மாலையில் தமிழ்க் குழந்தையின் தள்ளுவண்டியை ஓவியத்தின் நிழலில் நிறுத்திவைக்கிறார், தாய் வேலை முடிந்து வந்து எடுத்துச் செல்கிறார் என்று எழுதிக்கொண்டு வந்தார்.

10. இரண்டாம் வருகை

ஆறு வாரம் கழித்து மீண்டும் செல்லுங்கள். தற்காலிகக் கண்காட்சி என்றால் அதற்குள் அகற்றப்பட்டிருக்கும்; அப்போதும் செல்லுங்கள். சுவரில் ஆணி இருந்த துளை, ஒட்டுப்பசையின் தடம், அந்த இடத்தில் இப்போது வந்து நிற்கும் மேசை எல்லாம் குறிப்பேட்டில் ஏற வேண்டியவை. நிரந்தரப் படைப்பு என்றால் வண்ணம் எங்கே உரிந்திருக்கிறது, உரிந்ததைத் திருத்தியிருக்கிறார்களா, குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில் மட்டும் அழுக்கு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

இருக்கையில் முன்பு பேசிய முதியவர் இருந்தால் வணக்கம் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதில் அவர் சொன்ன பகுதியைப் படித்துக்காட்டுங்கள். தமிழ் தெரியாதவர் என்றால் வாயால் சொல்லுங்கள். அவர் திருத்தினால், திருத்தத்தைப் பழைய வரியை அழிக்காமல் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.